கரையாத கற்கண்டு

விஜயலக்ஷ்மியைத் திட்டி இந்த வாரம் மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. "பெற்ற குழந்தையை ஒன்பது நாளாகத் தொடாமல் இருக்கிறாளே, அவளெல்லாம் ஒரு தாயா?" என்று சயானிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள். திட்டிய வாயாலேயே இந்த வாரம் கொஞ்சம் அழவும் வேண்டியிருக்கும். அதற்கு முன்னால், போன இதழைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துத் திரும்ப வாங்க மறந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

மாதுங்காவில், இரண்டாம் மாடியில், இரண்டு அறை வீட்டில் குடியிருக்கும் மகாதேவன் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா. அவன் மனைவி விஜயலக்ஷ்மி மார்பில் கோளாறு கண்டு, பஞ்சகனி மலையில் ஒரு சானடோரியத்தில் பதினாலு மாதம் கிடந்தாள். அவர்களுடைய ஒரே குழந்தை விசாலாக்ஷி. இந்தப் பெரிய பெயரைச் சுமக்க ஐந்தரை வயது போதாது என்று எல்லோரும் சேர்ந்து சாலு ஆக்கிவிட்டார்கள். அந்தப் பதினாலு மாதமும் சாலுவை வளர்த்தவள் மகாதேவனின் அக்கா வாலாம்பாள். இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். தம்பி கூப்பிட்டான் என்று பாலக்காட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

விஜயலக்ஷ்மி குணமாகித் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. மூன்று தடவை சளியைச் சோதித்துப் பார்த்து, கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு தடவை எடுத்துப் படிக்கிறாள். படித்து என்ன? குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம் போகவில்லை. தனித் தட்டு, தனித் தம்ளர், முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனிப் படுக்கை. குழந்தை பக்கத்தில் வந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். சாலுவும் கெட்டிக்காரி. கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாளே தவிர, 'அம்மா' என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

இதில் இன்னொன்று. வாலாம்பாள் போன வாரம் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "குழந்தையோட அம்மா வந்தாச்சு. நான் இருக்கற வரைக்கும் அது அவகிட்டே போகாது. வெள்ளிக்கிழமை மெயிலுக்கு எனக்கு ஒரு டிக்கெட் வாங்கிடு. விஜயத்துகிட்டே இப்போ மூச்சு விடாதே" என்று சொல்லிவிட்டாள். அது விஜயலக்ஷ்மிக்குத் தெரியாது.

இது புதன்கிழமை காலை.

படுக்கையைச் சுருட்டப் போன விஜயலக்ஷ்மி, சாலுவின் தலையணையைப் பார்த்து நின்றாள். எறும்பு. ஒன்றிரண்டு இல்லை, சாரை சாரையாக. தலையணையிலிருந்து இறங்கிப் பாய் ஓரமாகப் போய், வாலாம்பாளின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவைச் சுற்றிக்கொண்டு நின்றது.

திறந்து பார்த்தாள். பாதி டப்பா கற்கண்டு.

யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகப் போகிறது; ரேஷன் முடிந்தபாடில்லை. ஊரில் அவனவன் காப்பிக்குச் சர்க்கரை போதாமல் முகத்தைச் சுளிக்கிறான். இங்கே என்னடாவென்றால் எறும்புக்குக் கற்கண்டு!

"ஓஹோ, இதுதானா சங்கதி!" என்று விஜயலக்ஷ்மி முணுமுணுத்தாள். இப்படித்தான் குழந்தையை வளைத்துப் போட்டிருக்கிறாள் அக்கா. அப்புறம் எப்படி என் பக்கம் வரும்?

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். சாலு தோசை தின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் இடது பக்கமே ஒதுக்கி ஒதுக்கி மென்றாள். அப்புறம் ஒரு வாய் தண்ணீர் குடித்தவள், "ஆ!" என்று அலறி வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி சாலு?" என்று மகாதேவன் கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டான். அவனுக்கு எட்டு ஐம்பத்திரண்டு லோகலைப் பிடித்தாக வேண்டும்.

"பல்லு வலிக்கறது."

"பால் பல்தானே? இன்னிக்கோ நாளைக்கோ விழப்போறது. ஒரு கிராம்பை வெச்சு அழுத்துங்கோ. இல்லேன்னா பிடுங்கிட்டா போச்சு."

"ஆமாம், பிடுங்கறான். முள்ளங்கி பாரு" என்றாள் வாலாம்பாள். "நாலு நாளா ஒரு பக்கமாவே மெல்லறது. நான் பார்த்துண்டுதான் இருக்கேன்."

"நாலு நாளா தெரியுமா? ஏன்க்கா எங்கிட்டே சொல்லலே?" என்று விஜயலக்ஷ்மி கேட்டாள்.

வாலாம்பாள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோசைக்கல்லில் ஒன்றுமே இல்லாதபோதும் அதைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தாதர்லே பல் டாக்டர் ஒருத்தர் இருக்காராம். கீழாத்துப் பஞ்சு மாமா அங்கேதான் பல் கட்டிண்டார். நான் இவளை அழைச்சுண்டு போறேன்" என்றாள் விஜயலக்ஷ்மி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வந்த ஒன்பது நாளில் அவள் அந்த வீட்டில் உரிமையோடு சொன்ன முதல் வார்த்தை அதுதான். மகாதேவன் சந்தோஷப்பட்டு வாயைத் திறப்பதற்குள் சாலு முந்திக்கொண்டாள்.

"அத்தை, நான் அவாகூடப் போகமாட்டேன். நக்கோ, நக்கோ!"

மராத்திக் குழந்தைகளோடு விளையாடி விளையாடி, வேண்டாம் என்பதற்கு அதற்கு அந்த வார்த்தைதான் வரும். விஜயலக்ஷ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவை 'அவா' என்று சொல்கிற குழந்தையை இந்த பம்பாயில் வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"நானும் கூட வரேன், கண்ணு" என்றாள் வாலாம்பாள். "விஜயம், உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கென்ன? வாங்கோ."

கிங்ஸ் சர்க்கிளில் டிராமுக்கு நின்றபோது மழை கொட்டியது. இருந்தது ஒரே குடை. அதை வாலாம்பாள் விஜயலக்ஷ்மியின் தலைக்கு நேரே பிடித்துக்கொண்டாள். வாலாம்பாளின் முதுகெல்லாம் நனைந்தது.

"நீங்க நனையறேளே, அக்கா."

"நனைஞ்சா காயறது. உன் மார்பிலே ஈரம் பட்டா, மறுபடியும் மலை ஏறணும் ஆக்கும். சும்மா நில்லு."

ஒரு பக்கம் இப்படிக் குடை பிடிக்கிறாள்; இன்னொரு பக்கம் கற்கண்டு டப்பா. இந்த மனுஷியை என்ன செய்வது என்று விஜயலக்ஷ்மிக்குத் தெரியவில்லை.

டிராமில் கண்டக்டர் "சலோ, ஆகே சலோ!" என்று முன்னே நகரச் சொல்லி விரட்டியதில், மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாலு அத்தையின் அந்தப் பக்கம். விஜயலக்ஷ்மி மெல்லச் சொன்னாள்:

"கல்கண்டு டப்பாவைப் பார்த்தேன்."

வாலாம்பாள் மழையைப் பார்த்தாள். "பார்த்தியா? சரி" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு சமாதானம் உண்டா, ஒரு சால்ஜாப்பு உண்டா? அந்தச் 'சரி'தான் விஜயலக்ஷ்மிக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

டாக்டர் திருவேங்கடத்தின் டிஸ்பென்சரி, டிராம் நிற்கும் நாற்சந்திக்கு எதிரே மாடியில் இருந்தது. குள்ளமாக, உருண்டையாக, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணத்தோடு ஒரு மனுஷர். ஒரு பெரிய நாற்காலி, பக்கத்தில் தையல் மெஷின் போலக் காலால் மிதிக்கிற ஒரு யந்திரம். அதன் உச்சியிலிருந்து கயிறு ஓடி ஓடி, நுனியில் ஓர் ஊசி. மூலையில் ஸ்டவ்வில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

வாலாம்பாள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஏன் டாக்டர், இது ஊரார் வாயிலே எல்லாம் போட்ட கம்பியா?"

"அரை மணி கொதிக்கற தண்ணியிலே கிடந்தது, மாமி. உங்காத்து வெங்கலப் பானைகூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

"கொதிச்சாலும் எச்சில் எச்சில்தான்."

எச்சில் விஷயத்தில் வாலாம்பாள் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தான் என்பதற்காக, நாற்பது வயதுத் தம்பியை நான்காம் அத்தியாயத்தில் அவள் என்ன பாடு படுத்தினாள் என்பதை யாரும் மறந்திருக்க முடியாது.

அத்தை சொன்ன பிறகுதான் சாலு வாயைத் திறந்தாள். டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"இடது பக்கம் முத்து முத்தா இருக்கு. வலது பக்கம் கீழே, கடைவாயிலே ரெண்டு பல் சொத்தை. ஒண்ணிலே கடுகளவு, இன்னொண்ணிலே மிளகளவு குழி. நல்ல வேளை, ஆரம்பத்திலேயே வந்துட்டேள். இன்னும் நரம்பு வரைக்கும் போகலே."

"பால் பல்தானே, பிடுங்கிடலாம்னு இவ அப்பா சொல்றார்" என்றாள் விஜயலக்ஷ்மி.

"எல்லா அப்பாவும் அப்படித்தான் சொல்றா. முன் பல்லுன்னா போறதுன்னு விடலாம். இந்தக் கடைவாய்ப் பல் பத்து, பதினொரு வயசு வரைக்கும் இருந்து உழைக்கணும், அம்மா. இப்பவே பிடுங்கினா அந்த இடம் காலி. பின்னாலே முளைக்கப்போற நிலைப் பல் அங்கே சாஞ்சுக்கும். லோகல் வண்டியிலே ஒருத்தர் எழுந்தா, பக்கத்தாள் நகர்ந்து உட்கார்ந்துக்கலையா, அந்த மாதிரிதான். அப்பறம் அந்த இடத்துக்குப் பாத்தியதை உள்ள பல் வரச்சே, அது எங்கே போய் நிக்கும்? அதனாலே பிடுங்கப்படாது. சுத்தம் பண்ணி அடைச்சுடலாம்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அது கிடக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இப்படி அரிக்காதே! ராத்திரி வாயிலே எதையாவது அடக்கிண்டு தூங்கறாளோ? தூங்கறச்சே எச்சில் ஊறாது. தித்திப்பு அப்படியே பல்லிலே நிக்கும்."

விஜயலக்ஷ்மி, வாலாம்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கல்கண்டு" என்றாள் வாலாம்பாள். "நான்தான் குடுத்தேன்."

"என்னிக்காவதா?"

"தினமும்."

"எவ்வளவு நாளா?"

"பதினாலு மாசமா."

விஜயலக்ஷ்மிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பல்லு போனாலும் பரவாயில்லே, குழந்தை உங்க காலைச் சுத்தணும், அதானேக்கா? நான் அங்கே மலையிலே இருமிண்டு, நாளை எண்ணிண்டு கிடந்தேன். நீங்க இங்கே கல்கண்டைப் போட்டுப் போட்டு என் குழந்தையை உங்க குழந்தையாவே ஆக்கிண்டுட்டேளே!"

வாலாம்பாளுக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாய் அன்று நீளவில்லை. "தப்புதான் விஜயம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஈரமான புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சண்டையை ஆத்திலே போய் வெச்சுக்கலாம். யாராவது ஒருத்தர் இவளை மடியிலே உட்கார வெச்சுண்டு, கையைப் பிடிச்சுக்கணும்."

சாலு ஒரே தாவலில் அத்தையிடம் ஒண்டினாள். டாக்டர் யந்திரத்தின் மிதியில் காலை வைத்து ஒரு தடவை மிதித்துக் காட்டினார். 'கிர்ர்ர்' என்றது. சாலுவின் கண் விரிந்தது.

"பயப்படாதே கண்ணு. இருபது எண்ணறதுக்குள்ளே நிறுத்திடுவேன்."

"பொய்!" என்றாள் சாலு.

"நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

"பெரியவா 'அதுக்குள்ளே, இதுக்குள்ளே'ன்னு சொன்னா எல்லாம் பொய்தான். அம்மா சொன்னாளே!"

"அம்மா என்ன சொன்னா?"

சாலு அத்தையின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"வாயிலே கல்கண்டு போட்டா. 'இது கரையறதுக்குள்ளே நான் ஓடி வந்து உன்னைத் தூக்கிப்பேன்'னு சொன்னா. நான் சப்பவே இல்லே. கடிக்கவும் இல்லே. இந்தப் பக்கத்திலேயே அழுத்தி வெச்சுண்டேன். சப்பினா சீக்கிரம் கரைஞ்சுடுமே! அப்பவும் கரைஞ்சு போயிடுத்து. அம்மா வரலை. அப்பறம் அத்தையைக் கேட்டு இன்னொண்ணு வெச்சுண்டேன். அதுவும் கரைஞ்சு போயிடுத்து. அத்தை தன்னோட காப்பிச் சக்கரையைக் கடைக்காரர்கிட்டே குடுத்துத்தான் நேக்குக் கல்கண்டு வாங்குவா."

"இப்போதான் அம்மா வந்துட்டாளே? இதோ நிக்கறாளே?" என்றார் டாக்டர்.

சாலு ஒரு கண்ணால் விஜயலக்ஷ்மியைப் பார்த்தாள்.

"வந்தா. ஆனா ஓடி வரலையே. தூக்கிக்கவும் இல்லையே. அதான் இன்னும் வெச்சுக்கறேன்."



விஜயலக்ஷ்மிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. கீழே விக்டோரியா குதிரை வண்டி நின்றது. மகாதேவன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். சாலு புடவையைப் பிடித்த பிடியை விடாமல் கத்தினாள். சுவாமி அலமாரியில் நைவேத்தியத்துக்கு வைத்திருந்த கற்கண்டில் ஒரு பெரிய கட்டியாக எடுத்து, அவளுடைய வலது கன்னத்தில் அடக்கி, வாய்க்கு வந்த எதையோ சொன்னாள். வாய் நிறைந்ததும் அழுகை நின்றது. நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் படியிறங்கி ஓடிவிட்டாள். வண்டி தாதர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள், தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. பாவி, நான்தான் மறந்தேன். குழந்தை மறக்கவில்லையே!

"அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாம என்ன? அன்னிக்கு ராத்திரியே 'அம்மா குடுத்த கல்கண்டு இன்னொண்ணு தா'ன்னு கேட்டுது. இல்லேன்னு சொன்னா, நீ வரமாட்டேன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே! அப்போ நீ இருந்த இருப்புக்கு, அந்த வார்த்தை என் வாயிலே வருமோடி? தினமும் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். பல்லு அரிக்கும்னு நேக்கென்ன தெரியும்?"

"இப்போ சொல்லியிருக்கலாமே! நான் உங்களை இவ்வளவு பேச்சுப் பேசினேனே!"

"உயிர் பிழைச்சு வந்து பத்து நாள் ஆகலே. வந்ததும் வராததுமா, நீ வெச்ச கல்கண்டுதான் குழந்தை பல்லைத் தின்னுதுன்னு உங்கிட்டே சொல்லணுமா? போடி. நாலு வார்த்தை கேட்டா நேக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது."

விஜயலக்ஷ்மி கைப்பையைத் திறந்தாள். அந்தக் காகிதத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். "டாக்டர், நான் பஞ்சகனியிலே இருந்துட்டு வந்து ஒன்பது நாளாச்சு. மூணு தடவை சோதிச்சாச்சு. நான் இவளைத் தொடலாமோ?"

டாக்டர் படித்தார். திருப்பியும் பார்த்தார். "இதிலே கிருமி இல்லேன்னு கொட்டை எழுத்திலே எழுதியிருக்கே, அம்மா! இதை வெச்சுண்டா ஒன்பது நாளா குழந்தையைத் தொடாம இருந்தேள்? பல்லு அரிச்சதைவிட இதுதான் எனக்கு அதிகமா வலிக்கறது."

அவ்வளவுதான். விஜயலக்ஷ்மி ஓடினாள். அந்தச் சின்ன அறையில் ஓடுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? மொத்தம் நாலே அடி. அந்த நாலு அடியையும் அவள் ஓடினாள். ஓடிப் போய்ச் சாலுவை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டாள்.

உடனே குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கட்டிக்கொள்ளவில்லை. கட்டை மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் இறக்கிவிடு என்றும் சொல்லவில்லை. மூக்கை மட்டும் அம்மாவின் தோளில் வைத்து ஒரு தடவை மோந்து பார்த்தது.

விஜயலக்ஷ்மி நாற்காலியில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் எண்ணறேன், சாலு. இருபதுன்னா இருபதுதான்."

டாக்டர் மிதிக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. சாலு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பத்து, பதினொன்று. வாலாம்பாள் சுவரைப் பார்த்துக்கொண்டு ராமநாமம் சொன்னாள். பதினேழு, பதினெட்டு. டாக்டர் மும்முரமாகக் குனிந்திருந்தார். நிறுத்துகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

"இருபது!" என்று விஜயலக்ஷ்மி கத்திய கத்தலில், அவருடைய கால் மிதியிலிருந்து தானாகவே எழும்பிவிட்டது.

"இன்னும் துளியூண்டுதானேம்மா, அதையும் முடிச்சுட்டேன்னா..."

"இருபதுன்னு சொல்லியாச்சு, டாக்டர். அவ சரின்னு சொன்னாத்தான் மேலே."

டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாலு ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள், யந்திரத்தைப் பார்த்தாள், நிஜமாகவே நின்றுவிட்டதா என்று ஊசியையும் பார்த்தாள். பிறகு அம்மாவின் கட்டை விரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு இருபது" என்றாள்.

மூன்று இருபதுகள் ஆயின. அதற்கப்புறம் டாக்டர் சின்னக் கல்வத்தில் வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் போட்டு அரைத்தார். துணியில் வைத்துப் பிழிந்தார். பெரிய குழிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அழுத்தினார். கடுகளவு குழி இருந்த பல்லைச் சுத்தம் பண்ணி ஒரு மருந்தைத் தொட்டுத் தடவினார். அந்த இடம் கறுத்தது.

"ஒரு பல் வெள்ளி, ஒரு பல் கறுப்பு. கறுத்தா கறுத்துட்டுப் போறது, அரிப்பு நின்னா சரி. இன்னிக்குப் பூரா அந்தப் பக்கம் மெல்லப்படாது. ராத்திரி வாயைக் கொப்பளிச்சுட்டுப் படுக்கணும். கல்கண்டு கூடவே கூடாது. தெரிஞ்சுதா?"

சாலு நாக்கால் வெள்ளியைத் தடவிப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். படியிறங்கும்போது, "நீ நிஜமாவே இருபதுலே நிறுத்தச் சொன்னே, அம்மா" என்றாள்.

விஜயலக்ஷ்மி அவளுடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும் டிராமில் சாலு அம்மா மடியிலேயே தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. வலது கன்னத்தில் ஒன்றும் இல்லை. விஜயலக்ஷ்மி குனிந்து அந்தக் கன்னத்தில் முத்தமிட்டாள். ஒரு தடவை போதவில்லை, நாலு தடவை.

"அக்கா, சக்கரை போட்ட காப்பி உங்களுக்குப் பிடிக்காதுன்னு எங்கிட்டே சொன்னேளே."

"பிடிக்காதுதான்."

"போறும், போறும். நாளைலேர்ந்து உங்க காப்பியை நான்தான் கலப்பேன். சக்கரை போட்டுத்தான் கலப்பேன். குடிக்காம இருந்து பாருங்கோ."

வாலாம்பாள் சிரித்தாள். வெள்ளிக்கிழமை விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. குழந்தை தூங்குகிற அழகைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தாய் சிரிக்கிற சிரிப்பையும் பார்த்துக்கொண்டு, அதை எப்படிச் சொல்வது? 'இப்போதான் ஒட்டிண்டிருக்கு. நான் எதிரே இருந்தா மறுபடி என் பக்கம் சாஞ்சுடும்' என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய கணக்கு அது. சரியான கணக்குதானா என்று நீங்களே சொல்லுங்கள்.

சாயங்காலம் விளக்கேற்றுகிற நேரம். சாலு மாடி வராந்தாவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் போய், வாயைப் பிளந்து வெள்ளிப் பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். பின் அறைக்குள் நுழைந்தவள் நின்றாள். அத்தையின் டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. அத்தை புடவைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போறே, அத்தை?"

"ஊருக்குத்தான், கண்ணு."

"எப்போ வருவே?"

"சீக்கிரம் வந்துடுவேன்."

"சீக்கிரம்னா?"

வாலாம்பாள் ஒரு புடவையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

சாலு சற்று நேரம் யோசித்தாள். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். உள்ளே துழாவி இருப்பதிலேயே பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்தாள். பழக்கம் விடுமா? நேரே தன் வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு வெள்ளியில் பட்டதும் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. சட்டென்று வெளியே எடுத்தாள்.

"குனி அத்தை."

வாலாம்பாள் குனிந்தாள். சாலு, எச்சில் சொட்டுகிற அந்தக் கற்கண்டை அத்தையின் வாயில் போட்டு, விரலால் வலது கன்னத்துக்குத் தள்ளினாள்.

"கடிக்காதே. சப்பவும் சப்பாதே. அங்கேயே அழுத்தி வெச்சுக்கோ. இது கரையறதுக்குள்ளே நீ திரும்பி வந்துடணும்."

கொதிக்கிற தண்ணீரில் கிடந்த கம்பியையே எச்சில் என்று சொன்ன வாலாம்பாள், அதைத் துப்பவில்லை. பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

விளக்கோடு உள்ளே வந்த விஜயலக்ஷ்மி வாசற்படியிலேயே நின்றாள். திறந்த பெட்டியைப் பார்த்தாள். அடுக்கிய புடவைகளைப் பார்த்தாள். "அக்கா! என்ன இது? எங்கே புறப்படறேள்?"

வாலாம்பாள் தலையைத் தலையை ஆட்டினாள். வாயில் கற்கண்டு. பேசினால் நகர்ந்துவிடுமோ என்று சாலு அவளுடைய கன்னத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தானா வாசலில் குடையை உதறிக்கொண்டு மகாதேவன் வரவேண்டும்? அவன் குரலில் பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட உற்சாகம் வேறு.

"அக்கா! வெள்ளிக்கிழமை மெயில்லே டிக்கெட் கிடைச்சுடுத்து. ஜன்னல் ஓரம்!"

விஜயலக்ஷ்மி புருஷனைப் பார்த்தாள். அப்புறம் நாத்தனாரைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமையா? எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லாமலா? அக்கா, வாயைத் திறந்து பதில் சொல்லுங்கோ. போகப் போறேளா, இல்லையா?"

வாலாம்பாள் வாயைத் திறக்கவில்லை. வலது கன்னம் மட்டும் உப்பியிருந்தது.